ஏ.டி.ஏ. கார்னெட்: வரியின்றி கண்காட்சிக்கு வரும் பொருள்களும் திரும்பும்போது பெற வேண்டிய முத்திரையும்

பெங்களூரு: எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் நடைபெற்று வரும் ஏரோ இந்தியா, தும்கூர் சாலையிலுள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடைபெறும் இம்டெக்ஸ் இயந்திரக் கருவிக் கண்காட்சி போன்றவற்றுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் கொண்டுவரும் பொருள்களில் பல, சில நாள்களில் தாயகம் திரும்பிவிடுபவை. விற்பனைக்கு வராத இத்தகைய பொருளைச் சுங்க வரி செலுத்தாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர உதவும் ஆவணமே ஏ.டி.ஏ. கார்னெட்.

தற்காலிக அனுமதி என்று பொருள்படும் பிரெஞ்சு, ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துகள் இணைந்தே ஏ.டி.ஏ. ஆயின. 1961-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான உடன்படிக்கை 1963-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா உள்பட ஏறத்தாழ 80 நாடுகள் இதை ஏற்கின்றன. இந்தியா 1989-இல் இணைந்தது. அடுத்த ஆண்டு வெளியான 157/1990 எண்ணிட்ட சுங்க அறிவிக்கை வரிவிலக்கு அளித்தது. முதலில் கண்காட்சிப் பொருள்களுக்கே கிடைத்த சலுகை பின்னர் தொழில்முறைக் கருவிகளுக்கும் விரிந்தது. இந்தியாவிலிருந்து வெளியே செல்லும் பொருள்களுக்குக் கார்னெட் வழங்கும் அமைப்பும், வெளிநாட்டுக் கார்னெட்டுகளுக்கு இங்கே உத்தரவாதம் அளிக்கும் அமைப்பும் ஃபிக்கி எனப்படும் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பே.

கார்னெட் இல்லையெனில் வரியைச் செலுத்திவிட்டு, பொருளைத் திருப்பி அனுப்பிய பின் பணத்தைக் கோருவது ஒரு வழி. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் திருப்பி அனுப்பினால் செலுத்திய வரியில் 98 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். பயன்படுத்திய பொருளுக்கு அந்த விகிதம் குறையும். அதுவரை பணம் முடங்கிக் கிடப்பது சிறு நிறுவனத்துக்குப் பெரும் சுமை.

பச்சை அட்டையிட்ட இந்த ஏட்டில் ஏற்றுமதி, மறு இறக்குமதித் தாள்கள் மஞ்சளாகவும், இறக்குமதி, மறு ஏற்றுமதித் தாள்கள் வெள்ளையாகவும், இடைவழிப் பயணத் தாள்கள் நீலமாகவும் இருக்கும். ஒவ்வோர் எல்லையிலும் சுங்க அதிகாரி உரிய தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஏட்டிலேயே தங்கும் அடித்தாளில் முத்திரையிடுவார். பொருள்களின் வரிசை எண், எடை, மதிப்பு, தயாரான நாடு ஆகியவை பொதுப் பட்டியலில் இருக்க வேண்டும். ஏடு வழங்கப்பட்ட பின் அதில் ஒரு கேபிளைக்கூடச் சேர்க்க முடியாது. இலவசமாக வழங்கும் விளம்பரத் தாள்கள், உணவு, செலவாகித் தீரும் எண்ணெய் போன்றவற்றுக்கு இதில் இடமில்லை.

பலர் தடுமாறுவது காலக்கெடுவில்தான். கார்னெட் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் இந்தியாவுக்குள் வந்த பொருள் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் வெளியேற வேண்டும். ஏட்டின் அட்டையிலுள்ள தேதியை மட்டும் நம்புவோர் இங்கேதான் சிக்குகின்றனர். கண்காட்சியில் வாங்குபவர் கிடைத்துவிட்டாலும், உரிய வரியைச் செலுத்தாமல் இயந்திரத்தை அவரிடம் ஒப்படைக்க இயலாது.

இன்னொன்று, திரும்பும் நாளின் அவசரம். பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்தில் கேமராப் பெட்டியை முதலில் விமான நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் பிறகு சுங்கப் பிரிவைத் தேடிச் சென்றால், சரிபார்க்க அங்கே பொருள் இருக்காது. சரிபார்ப்பும் முத்திரையும் முதலில், பெட்டியை ஒப்படைப்பது பிறகு என்பதே சரியான வரிசை.

மறு ஏற்றுமதி முத்திரை இல்லாவிட்டால் பொருள் இந்தியாவிலேயே தங்கிவிட்டதாகக் கருதி, கார்னெட் காலாவதியான ஓராண்டுக்குள் சுங்கத் துறை உத்தரவாத அமைப்பிடம் தொகையைக் கோரலாம். வரியுடன் அதிகபட்சம் அதன் 10 சதவீதம் கூடுதலாகக் கேட்க முடியும். ஆதாரம் காட்ட ஆறு மாத அவகாசம் உண்டு. காட்டத் தவறினால் கட்டும் தொகை இறுதியில் கார்னெட் பெற்றவரின் தலையிலேயே விழும்.

முத்திரை தவறியவர்களுக்கும் உடன்படிக்கை ஒரு வழி வைத்துள்ளது. பொருள் சென்றடைந்த நாட்டின் சுங்கத் துறை அதே ஏட்டில் செய்த மறு இறக்குமதிப் பதிவை, அது இந்தியாவை விட்டு வெளியேறியதற்கான சான்றாக ஏற்கலாம். அவ்வாறு ஏற்கும்போது, வழக்கை ஒழுங்குபடுத்துவதற்கெனத் தனிக் கட்டணம் வசூலிக்கப்படலாம்.