பகாங்கில் எழுந்த வரி எதிர்ப்பு

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழ்த் தொழிலாளர் அம்மலைச் சரிவுகளில் கூடை சுமப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகட்கு முன்னரே, பகாங் மண் வரியின் பொருட்டுக் குருதி சிந்தியது.

1888இல் ஜான் பிக்கர்ஸ்கில் ரோஜர் பகாங்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். அதுகாறும் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த பெருந்தலைவர்கள் அதனை இழந்தனர். ஈடாகப் பெற்ற படித்தொகையோ சிறிது. காட்டுப்பொருள் சேர்ப்பதற்கும் உரிமம் வேண்டியதாயிற்று. 1891 டிசம்பரில் செமந்தான் தலைவர் டத்தோ பகாமான் கிளர்ந்தெழுந்தார். பின்னர்த் தோக் காஜாவும் அவர்தம் மைந்தர் மாட் கிலாவும் துணைநின்றனர். 1895இல் கிளர்ச்சி ஒடுங்கியது.

தலைவர்கள் தண்டிய வரியும் உழவர்க்குச் சுமையே என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அயலார்க்கு அவ்வுரிமை எங்ஙனம் வந்தது என்பதே வினா. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த அமெரிக்கக் குடியேற்றத்தாரும், வரியின் அளவைக் காட்டிலும் விதித்தவரின் உரிமையையே வினவினர். கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய கள்வனின் பறிப்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர்.

மாற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்த மாட் கிலாவ், 1969இன் இறுதியில் தம்மை வெளிப்படுத்தி, 1970 ஆகஸ்டில் இயற்கை எய்தினார். ஆட்சியாளர் கலகக்காரர் என்றழைத்தவரை நாடு விடுதலை வீரராகப் போற்றியது. பெயர் சூட்டியவர் எவர் என்று வினவிய பின்னரே மாணவர் வரலாற்றை ஏற்றல் வேண்டும்.