அச்சுக்கூடமும் வாயிற்காவலும்

புணே நகரை அடுத்துள்ள கட்கிக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கு நடந்த போரில் பேஷ்வாவின் படை பின்வாங்கியது. வாள் ஓய்ந்த அந்நகரில், 1881-ஆம் ஆண்டு ‘கேசரி’ என்னும் மராத்திப் பத்திரிகை தோன்றி, அச்செழுத்தால் பேசத் தொடங்கிற்று. 1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவு, கணேஷ்கிண்ட் சாலையில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர் ‘கேசரி’யில் வெளியானவற்றைக் காட்டி, லோகமான்ய திலகர்மீது ராஜத் துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

இவ்வழக்கில் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. திலகருடன் அச்சிட்டவரான கேசவ மகாதேவ பாலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அவர் விடுதலை பெற்றார் என்பது உண்மையே. ஆயினும், எழுதாத ஒருவர் பிறர் எழுத்துக்காகக் கூண்டில் நிற்கலாம் என்னும் பாடத்தை நாட்டின் அச்சகக்காரர் அனைவரும் அன்றே கற்றுக்கொண்டனர்.

தமிழ்நாடும் இப்பாடத்தைக் கற்றது. 1908-இல் பாரதியாரின் எழுத்து நிறைந்த ‘இந்தியா’ பத்திரிகைக்காகச் சிறை சென்றவர், பதிவேட்டில் ஆசிரியர் எனக் குறிக்கப்பட்டிருந்த சீனிவாசன். பாரதியார் பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்தார். பத்திரிகையும் அங்கே சென்றது. 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் இம்முறையை மேலும் இறுக்கியது. புதிதாக அச்சகம் வைப்போரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். ஆட்சேபத்துக்குரியது வெளிவந்தால் அதனைப் பறிமுதல் செய்யலாம். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ 1916-இல் 2,000 ரூபாயை இழந்தது. மறுபடியும் 10,000 ரூபாய் கட்ட நேர்ந்தது.

இச்சட்டத்தின் வலிமை சிறையில் இல்லை, அச்சத்தில் இருந்தது. பணம் போட்டவன் தன் அச்சகத்தைக் காக்க, ஐயத்துக்கிடமான வரியைத் தானே அடித்துவிடுவான். அரசாங்கத்தின் தணிக்கை அதிகாரி வேண்டியதில்லை. அச்சகத்தின் சொந்தக்காரனே வாயிற்காவலன் ஆனான்.

இன்று அவ்வாயிலில் நிற்பவை சமூக வலைத்தள நிறுவனங்கள். 2012-ஆம் ஆண்டு நவம்பரில், பால் தாக்கரே மறைந்தபோது நடந்த கடையடைப்பைக் குறித்து ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறித்த தோழியும் இதே மகாராஷ்டிரத்தில் கைதாயினர். அதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாததாக்கியது. நீதிமன்ற ஆணையோ அரசாங்க அறிவிப்போ வந்த பின்னரும் நீக்காவிட்டால்தான் நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்றும் விளக்கியது. பாலின் கூண்டை நினைவில் கொண்டால், இதன் அருமை விளங்கும்.

எனினும் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் நிறுவனம் தன் விதிப்படி ஒரு பதிவை நீக்கினால், அப்பிரிவு எளிதில் துணைக்கு வாராது. அன்று ஓர் அச்சகம் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னோர் அச்சகம் இருந்தது. சென்னை மறுத்தால் புதுச்சேரி இருந்தது. கோடிக்கணக்கானோர் ஒரே மன்றத்தில் கூடியிருக்கும்போது, அங்கிருந்து விலக்கப்பட்டவன் எந்தப் புதுச்சேரிக்குப் போவான்?

அப்படியாயின் காவலே வேண்டாமா? இலங்கையின் அனுபவம் அதற்கு விடை கூறும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பேச்சு ஃபேஸ்புக்கில் தடையின்றிப் பரவியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக அந்நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது. அந்நாட்டு மொழிகளை அறிந்து கண்காணிப்போர் போதிய அளவு இல்லாமையும் அப்போது ஒரு குறையாகக் காணப்பட்டது.

மொழி என்றதும், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு 1908-ஆம் ஆண்டு வழக்கு நினைவுக்கு வருகிறது. தம் மராத்திக் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தின் பொருளைத் திரித்துவிட்டது என்று திலகர் நீதிமன்றத்தில் விரிவாக வாதாடினார். கிடைத்ததோ ஆறாண்டு நாடுகடத்தல். “உன்னைக் கொன்றுவிடுவேன்” என்று பேரனைச் செல்லமாகக் கடியும் பாட்டியின் சொல்லை, தமிழறியாத ஒருவரோ ஒரு யந்திரமோ கொலை மிரட்டலாகவே கொள்ளும். அதே சமயம், பணிவான சொற்களில் பொதிந்த உண்மையான நஞ்சைக் கவனியாது விட்டுவிடும்.

ஆகவே, வாயிற்காவலன் வேண்டுமா வேண்டாமா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடலாகாது. எதற்காக நீக்கினான் என்று அவன் காரணம் கூறுகிறானா? அவன் முடிவின்மேல் முறையிட வழி உண்டா? எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவனுக்கு நம் மொழி தெரியுமா? திலகர் நீதிபதியின் முன் நின்று, தம் சொல்லுக்குத் தாமே பொருள் கூற முடிந்தது. தோற்றாரெனினும், அவர் பேசக் கேட்டனர். அந்த வாய்ப்பேனும் இன்று எழுதும் சாமானியனுக்குக் கிடைத்தல் வேண்டும்.