மொரப்பூர்க் குறுகிய பாதையும் பித்தளை மாதிரி எஞ்சினும்

பித்தளை மாதிரி நீராவி எஞ்சின் என்பது உண்மையான ரயில் எஞ்சின் ஒன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பித்தளைத் தகடுகளாலும் வார்ப்புகளாலும் செய்யப்படும் சிற்றுருவம் ஆகும். வீட்டில் மேசைமீதோ அறைச் சுவரை ஒட்டியோ தண்டவாளம், நிலையம், பாலம், மரம் ஆகியவற்றுடன் அமைக்கப்படும் மாதிரி ரயில் தளத்தில் இது மின்சாரத்தால் ஓடும். பொம்மை ரயில் ஏதோ ஒரு ரயிலைப் போல இருந்தால் போதும். பித்தளை மாதிரியோ குறிப்பிட்ட ஓர் எஞ்சினை, அது குறிப்பிட்ட காலத்தில் இருந்த தோற்றத்தில் காட்ட வேண்டும். ஆகவே இதன் வரலாறு கைவினையின் வரலாறாக மட்டும் இல்லாமல், மறைந்துபோன ரயில் பாதைகளின் நினைவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பகுதியை ஒட்டி ஒருகாலத்தில் ஓடிய சிறிய ரயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கம்பைநல்லூர்ப் பகுதியும் குறுகிய பாதையும்

கம்பைநல்லூர் மொரப்பூருக்கு அருகில் உள்ள பேரூராட்சி. இப்பகுதி மக்கள் ரயில் ஏறுவதற்கு மொரப்பூர் நிலையத்துக்கே செல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் அகலப் பாதை 1860-களின் தொடக்கத்தில் இவ்வழியே போடப்பட்டது. ஆனால் அது தருமபுரி நகரைத் தொடவில்லை. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்கள் முதன்மைப் பாதைக்கு விலகியே இருந்தன.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பெரும் இழப்பைச் சந்தித்தது. தானியத்தை விரைந்து கொண்டு செல்ல வழியில்லாத ஊர்களில் பாதிப்பு கடுமையாக இருந்தது. பின்னர் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அளித்த அறிக்கையில், வறட்சி தாக்கும் பகுதிகளுக்குப் பாதுகாப்பு ரயில் பாதைகள் தேவை என்று பரிந்துரைத்தது. அந்தக் கொள்கையின் வழியில் சேலம் மாவட்டத்துக்கு இரண்டு கிளைப் பாதைகள் கிடைத்தன. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905-இலும், மொரப்பூர் – தருமபுரி பாதை 1906-இலும் திறக்கப்பட்டன. இரண்டாவது பாதை 1913-இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது.

இவ்விரண்டும் 2 அடி 6 அங்குல அகலம், அதாவது 762 மில்லிமீட்டர் அகலம் கொண்ட குறுகிய பாதைகள். இந்திய அகலப் பாதையின் அகலமோ 1,676 மில்லிமீட்டர். குறுகிய பாதைக்கு எடை குறைந்த தண்டவாளம் போதும், மண்வேலை குறைவு, வளைவுகளை நெருக்கமாக வைக்கலாம். 1897-இல் இன்றைய மகாராஷ்டிரத்தில் திறக்கப்பட்ட பார்சி இலகு ரயில்வே இந்த 2 அடி 6 அங்குல அகலத்தின் பயனை எடுத்துக்காட்டியது. அதனை வடிவமைத்த பொறியாளர் எவரார்டு கால்த்ராப், ஓர் அச்சின்மீது 5 டன்னுக்கு மேல் எடை விழாதபடி எஞ்சின்களையும் பெட்டிகளையும் அமைத்தார். பின்னர் 1904-இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட லீக் – மேனிஃபோல்டு பாதையிலும் அவரே பொறியாளராக இருந்தார். இந்தியாவில் கற்ற பாடம் இங்கிலாந்துக்குச் சென்றது.

குறுகிய பாதைக்கு ஒரு குறையும் உண்டு. அகலப் பாதையின் பெட்டிகள் அதில் ஓட முடியாது. மொரப்பூரில் சரக்கை இறக்கி, வேறு பெட்டிகளில் மீண்டும் ஏற்றியே தருமபுரிக்கு அனுப்ப வேண்டும். சாலைப் போக்குவரத்து வளர்ந்தபோது இத்தகைய சிறு பாதைகள் பல நட்டத்தில் விழுந்தன. கிருஷ்ணகிரிப் பாதை 1936-இல் மூடப்பட்டது. மொரப்பூர்ப் பாதை 1941-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே மூடப்பட்டு, அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தருமபுரியை மொரப்பூருடன் மீண்டும் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. புதிய அகலப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

சுருக்கத்தின் கணக்கு

மறைந்த பாதை ஒன்றை வீட்டில் மீண்டும் அமைக்க விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு விகிதம். உலகில் மிகுதியாகப் புழங்கும் எச்.ஓ. என்னும் அளவில், உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டர் ஆகிறது. மேலை நாடுகளில் பொதுவாக உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதை இந்த விகிதத்தில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் இந்த அகலத்தில்தான் இருக்கிறது.

இதே விகிதத்தில் இந்திய அகலப் பாதை 19.3 மில்லிமீட்டர் வரும். எனவே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் இந்திய அகலப் பாதை எஞ்சினின் சக்கரங்கள் உண்மையைவிட நெருங்கியே நிற்கும். மொரப்பூர்க் குறுகிய பாதையோ 8.8 மில்லிமீட்டர் ஆகிறது. இதற்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். 762 மில்லிமீட்டர் பாதைகள் ஏராளமாக இருந்த ஜப்பானிலும், 760 மில்லிமீட்டர் பாதைகள் உள்ள ஆஸ்திரியாவிலும் இந்த 9 மில்லிமீட்டர் அமைப்பு விரும்பப்படுகிறது.

நீளத்தின் கணக்கு கடினமானது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை இருந்த சுமார் 30 கிலோமீட்டர் பாதை, 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏறத்தாழ 345 மீட்டர் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. 4 மீட்டர் நீளச் சுவர் ஒன்று உண்மையில் 350 மீட்டருக்கும் சற்றுக் குறைவான நிலத்தையே காட்டும். ஆகவே வீட்டுத் தளத்தில் முழுப் பாதையையும் அமைக்காமல் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். மொரப்பூர் போன்ற சந்திப்பு இதற்கு ஏற்றது. ஒரு பக்கம் அகலப் பாதை, மறுபக்கம் குறுகிய பாதை, நடுவே சரக்கு மாற்றும் மேடை என அப்பகுதியின் போக்குவரத்து வரலாறு முழுவதையும் ஒரே காட்சியில் சொல்லிவிடலாம்.

பித்தளை மாதிரிகளின் தோற்றம்

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் பொம்மை ரயில்களுக்கு நிலையான பாதை அகலங்களை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தில் பாசெட்-லோக், ஹார்ன்பி ஆகிய நிறுவனங்கள் இத்துறையை வளர்த்தன. இந்தியாவில் குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் ஓடிய வெள்ளி ரயில் புகழ்பெற்றது. அது மதுவும் சுருட்டும் ஏந்தி விருந்தினர்முன் சுற்றி வந்தது. அது செல்வத்தின் அடையாளம். எந்த எஞ்சினின் துல்லிய நகலும் அன்று.

துல்லியமான பித்தளை மாதிரிகளின் காலம் இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானில் தொடங்கியது. அங்கிருந்த அமெரிக்கப் படையினர் உள்ளூர்ப் பட்டறைகளின் கைத்திறனைக் கண்டனர். 1950-கள் முதல் அமெரிக்க இறக்குமதி நிறுவனங்கள் தங்கள் நாட்டு எஞ்சின்களின் வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஜப்பானுக்கு அனுப்பி, சிறு எண்ணிக்கையில் மாதிரிகளைச் செய்வித்தன. தோக்கியோவின் தென்ஷோடோ, அமெரிக்காவின் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் ஆகியவை அக்காலத்தின் முக்கியப் பெயர்கள். ஜப்பானில் கூலியும் யென்னின் மதிப்பும் உயர்ந்தபின் இத்தொழில் தென்கொரியாவுக்கும் பின்னர் சீனாவுக்கும் நகர்ந்தது.

பித்தளையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் அல்லது அச்சு வார்ப்பு மாதிரிக்கு விலையுயர்ந்த எஃகு அச்சு வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு திரும்பும். பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைக்கப் பெரிய அச்சு தேவையில்லை. சில நூறு மட்டுமே விற்கக்கூடிய எஞ்சினையும் செய்ய முடியும். யாரும் கவனிக்காத சிறு பாதைகளின் எஞ்சின்கள் மாதிரியாக வந்தது இதனால்தான்.

தகட்டின்மீது ஒளிப்பட முறையில் வடிவத்தைப் பதித்து, அமிலத்தால் அரித்து, ஆணித்தலை முதலிய நுண்ணிய கூறுகள் எடுக்கப்படுகின்றன. நீராவிக் குவிமாடம், காற்றழுத்தப் பம்பு, விளக்கு போன்ற உறுப்புகள் மெழுகு வார்ப்பில் உருவாகின்றன. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு அமைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை இது. சுவாமிமலைச் சிற்பிகள் ஐம்பொன் திருமேனிகளைச் செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

வாங்குவோர் கவனிப்பவை

பித்தளை மாதிரிகள் விலை மிகுந்தவை. ஒருமுறை செய்த தொகுதி விற்றுத் தீர்ந்தால் மீண்டும் வருவது அரிது. ஆகவே பெரும்பாலும் பழைய மாதிரிகளே கைமாறுகின்றன. அவற்றில் பார்க்க வேண்டியவை சில.

முதலாவது ஓட்டம். பழைய மாதிரிகளில் மோட்டாரையும் பற்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் இரப்பர்க் குழாய் காலப்போக்கில் இறுகி வெடித்துவிடும். பல மாதிரிகளில் எஞ்சின் ஒரு தண்டவாளத்திலிருந்தும், பின்னால் வரும் நிலக்கரி வண்டி மற்றதிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். உடல் முழுதும் உலோகம் என்பதால், இரண்டும் தொட்டுக்கொண்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். இன்றைய எண்முறைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துமுன் மோட்டாரைச் சட்டத்திலிருந்து மின்காப்பு செய்தாக வேண்டும்.

இரண்டாவது வளைவு. உண்மை எஞ்சினின் நுட்பங்களை மாதிரி எவ்வளவு நெருங்கிப் பின்பற்றுகிறதோ, அவ்வளவுக்கு அது அகன்ற வளைவைக் கேட்கும். பொம்மை ரயிலுக்குப் போட்ட நெருக்கமான வளைவில் நீண்ட பித்தளை எஞ்சின் தடம் புரளும்.

மூன்றாவது மேற்பரப்பு. பல மாதிரிகள் வண்ணம் பூசாமல், தெளிந்த மெருகுப் பூச்சுடன் மட்டுமே விற்கப்பட்டன. பெட்டிக்குள் வைத்த பழைய நுரைப்பஞ்சு சிதைந்து பூச்சில் ஒட்டிக்கொள்ளும். வண்ணம் பூசுவதற்கு முன் பழைய பூச்சை முழுவதும் அகற்ற வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலானது, மாதிரி எதைக் காட்டுகிறது என்பது. இந்தியாவில் ‘இசட்’ என்ற எழுத்து 2 அடி 6 அங்குலப் பாதையின் எஞ்சின் வகைகளைக் குறிக்கும். ‘இசட்பி’ போன்ற தரப்படுத்தப்பட்ட வகைகள் 1920-களில் வடிவமைக்கப்பட்டன. 1906-ஆம் ஆண்டின் மொரப்பூரைக் காட்டும் தளத்தில் இசட்பி எஞ்சின் நின்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் காலப்பிழையே. மாதிரியின் நுட்பம் கூடக்கூட இப்பிழை தெளிவாகத் தெரியும்.

ஆவணமே அடிப்படை

பித்தளை மாதிரி செய்வதற்கு வரைபடம் வேண்டும். உண்மை எஞ்சின் உடைக்கப்பட்ட பிறகும், அதைக் கட்டிய நிறுவனத்தின் தாள்கள் எஞ்சியிருந்தால் மாதிரி சாத்தியமாகிறது. இந்தியாவுக்குப் பெருமளவில் எஞ்சின்களை அனுப்பிய நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி 1962-இல் மூடப்பட்டாலும், அதன் வரைபடங்களும் புகைப்படங்களும் கிளாஸ்கோ நகரின் ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆவணத்தின் வலிமை தமிழ்நாட்டில் முழு அளவிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்டவை. அவை பழுதடைந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனை அதே வடிவமைப்பைப் பின்பற்றி, எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைக் கட்டியது. அவற்றில் முதலாவது 2011-இல் வெளிவந்தது. நீலகிரிப் பாதை பிழைத்திருந்ததால் அதற்குத் தேவையும் இருந்தது; பணமும் கிடைத்தது.

மொரப்பூர்ப் பாதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பஞ்சத்தில் தானியம் கொண்டுவருவதற்காகப் போடப்பட்ட அந்தச் சிறு ரயிலைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே இருக்க முடியும். நிலைய வரைபடம், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படம், பயணச்சீட்டு, கால அட்டவணை ஆகியவை ஒவ்வொன்றும் அதன் எஞ்சிய உறுப்புகள். இவை சேகரிக்கப்பட்டால்தான் கம்பைநல்லூர்ப் பகுதி மாணவர் ஒருவர், தம் ஊருக்கு அருகில் ஓடிய ரயிலை மேசைமேல் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்திலாவது சரியாகக் காண முடியும். பித்தளை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். தொலைந்த வரைபடத்தை யாராலும் வார்த்தெடுக்க முடியாது.