இலைக்கு முந்திய பூக்கள்

பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாகக் கொடகவெலவைக் கடந்து எம்பிலிப்பிட்டியவை நோக்கி இறங்கும் பெருவீதியில் மாசி மாதத்தில் பிரயாணம் செய்கிறவர்கள், தோட்டத்து வேலிகளிலும் லயங்களின் பின்புறத்திலும் பேருக்கும் ஓர் இலையின்றிக் கொம்பெல்லாம் பூவாக நிற்கும் மரங்களைக் கண்டு, இது என்ன விருட்சம் என்று பக்கத்திலிருப்பவரை வினவுவதுண்டு. வினவப்பட்டவர் சிங்களவராயின் எரபது என்பார். யாழ்ப்பாணத்தவராயின் நிறத்தைப் பார்த்து முள்முருக்கு என்றோ சீமைக்கிளுவை என்றோ சொல்வார். நகரவாசியாயின் ஏதோ அலங்கார மரம் என்று கூறி நிறுத்திக்கொள்வார். இம்மூவரில் சரித்திரத்துக்கு வெகு தூரத்தில் நிற்பவர் கடைசியாகச் சொன்னவரே. சப்ரகமுவத் தோட்டங்களில் இலையுதிர்ந்த பின் பூக்கும் மரங்களுள் பெரும்பாலானவை அழகுக்காக நடப்பட்டவை அல்ல. வேலை வாங்குவதற்காக நடப்பட்டவை.

இத்தகைய மரத்தை இன்னதென்று நிர்ணயிப்பதில் தாவர சாஸ்திரிகளுக்கே ஒரு சங்கடம் இருந்துவந்திருக்கிறது. பூ இருக்கும்போது இலை இல்லை. இலை வந்தபோது பூ உதிர்ந்து காயும் முற்றிவிடுகிறது. ஆகையால் உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் மாதிரி பூரணமாக வேண்டுமானால், ஒரே மரத்தை அடையாளம் வைத்து இரு பருவங்களில் இரு முறை நாடிச் செல்ல வேண்டும். 1821ஆம் ஆண்டில் பேராதனைத் தாவரவியல் தோட்டம் ஸ்தாபிக்கப்பட்ட பின், 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் பட்டியலைப் பகுதி பகுதியாக வெளியிட்ட துவெயிட்ஸும், 1893இல் தம் பெருநூலைத் தொடங்கி 1896இல் அது முற்றுப்பெறாமலே மறைந்த டிரைமனும் (எஞ்சிய பாகங்களை ஹூக்கர் 1900இல் முடித்துவைத்தார்) இவ்வகைச் சிரமத்தை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பேராதனையில் சித்திரம் எழுதிய த அல்விஸ் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். பூவையும் இலையையும் ஒரே தாளில் காட்டும் சித்திரம் இயற்கையில் ஒரே நாளில் காணக் கிடைக்காத காட்சியாகும்.

இனி, மரங்களுக்கு வருவோம். செந்நிறப் பூவுடையதாய், அடிமரத்திலும் கொம்பிலும் கரிய குறுமுட்களுடன் நிற்பது முள்முருக்கு. தமிழ்நாட்டார் கல்யாண முருங்கை என்பது இதையே. பூங்கொத்தின் ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழ் மட்டும் பெரிதாய் வளர்ந்து மற்றவற்றை மூடி நிற்கும். இலை வந்தபின் ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். தேனை நாடி மைனாவும் காகமும் தேன்சிட்டும் அதில் வந்து கூடுவதற்கு, இலை மறைக்காமலிருப்பதும் ஒரு காரணம் என்பது அறிஞர் அபிப்பிராயம். மலையாளக் கரையில் டச்சு ஆளுநராயிருந்த ரீட் என்பவர் 1678 முதல் வெளிவரச் செய்த பெருந்தொகுதியில் இம்மரம் அந்நாட்டு வழக்குப் பெயரோடேயே இடம்பெற்றது. ஆனால் அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே வேலியிலும், மிளகுக்கும் வெற்றிலைக்கும் கொழுகொம்பாகவும், யாழ்ப்பாணத்து மணப்பந்தலில் கன்னிக்காலாகவும் அது நம்மவரிடையே ஊன்றப்பட்டுவந்தது. வெட்டி நட்ட தடி வேர்விட்டுத் தழைக்கும் குணமே இத்தனை உத்தியோகங்களுக்கும் மூலம். சிங்கள மக்கள் எரபதுப் பூவையும் குயிலின் கூவலையும் சித்திரைப் புத்தாண்டின் தூதர்களாகக் கருதுவர். எனினும் பூ பெரும்பாலும் தூதுக்கு முன்னரே வந்துவிடுகிறது.

தோட்டத் துரைமார்கள் நிழல் மரத்தைத் தேடியது கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின்னர் பெருகிய காரியம். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை அழித்தொழித்தது; றக்குவானைப் பகுதியின் கோப்பி மலைகளும் அதற்குத் தப்பவில்லை. அவ்விடத்தில் தேயிலை வந்தது. தாழ்ந்த நிலங்களில், 1876இல் ஹெனரத்கொடையில் முதல் நாற்றுகள் நடப்பட்ட ரப்பர் வந்தது. தேயிலைக்கு மேலே மெல்லிய நிழலும், கீழே தழையுரமும் ஒருங்கே தரவல்ல மரம் வேண்டியிருந்தமையால், முருக்கின் இனத்தைச் சேர்ந்ததும் ஜாவாவில் டடப் என வழங்கியதுமான மரம் இங்கும் நடப்பட்டது. இவ்வினங்களின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு ஆக்கித் தருவன. கழித்துப் போட்ட தழையும் மண்ணில் விரைவாக மக்கும். ஆகவே கத்தியுடன் ஆட்கள் மரத்தில் ஏறிக் கொம்பு கழிப்பது தோட்டத்து வேலைகளுள் ஒன்றாயிற்று.

இங்கேதான் அடையாளம் காண்பதற்கு உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. இம்மரங்கள் முந்திய பருவத்தில் வளர்ந்து முற்றிய கொம்பிலே பூப்பவை. அடிக்கடி கழிக்கப்பட்ட மரத்தில் அத்தகைய கொம்பு மிஞ்சுவதில்லை. தேயிலை மலையின் நடுவே நிற்கும் மரம் பூக்காமலும், அதே மரத்தின் தடியிலிருந்து வந்த வேலி மரம் பூத்துக் குலுங்கியும் நின்றால், இரண்டும் வெவ்வேறு சாதி என்று அவசரப்பட்டு முடிவு செய்தல் ஆகாது. அழகென்று நாம் கொண்டாடுவது இங்கே கத்தி மறந்துபோனதன் விளைவு.

மூன்றாவது மரம் சீமைக்கிளுவை. கிளிசரியா என்று சொன்னாலும் தெரியும். வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் வெறுங் கொம்பின் நெடுகிலும் மொய்த்திருக்கும், இலை வந்தால் சிறகுபோல் இரு பக்கமும் அடுக்கிய சிற்றிலைகளாயிருக்கும், முள் கிடையாது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இதனை 1760இல் ஜாக்கின் என்ற சாஸ்திரி வருணித்தபோதே வேலிக்குரியது என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். அங்கே கொக்கோவுக்கு நிழலாகவும், எலிக்கு நஞ்சாகவும் பயன்பட்ட மரம் இது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தேயிலைக்கு நிழல் தர இலங்கைக்கு வந்தது என்று எழுதுவோர் இருக்கின்றனர். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதே 1867இல் என்னும்போது, அதற்கு வெகுகாலம் முன்பே நிழல் வந்து காத்திருந்தது என்ற கூற்று நம்பத்தக்கதன்று.

கொடகவெலவின் இருப்பிடமும் இந்த ஆராய்ச்சிக்கு அனுகூலமானது. இரத்தினபுரியின் ஓயா மழைக்கும் எம்பிலிப்பிட்டியவின் வறட்சிக்கும் இடைப்பட்ட பிரதேசம் அது. சீமைக்கிளுவையானது வறட்சி கடுமையாயிருந்தாலன்றி முழுதும் இலை உதிர்ப்பதில்லை. ஈரம் மாறாத இடத்தில் இலையோடேயே அங்குமிங்கும் பூக்கும். எனவே பெல்மதுளைப் பக்கத்தில் இலை நடுவே பூத்த மரத்தைக் கண்டவர், எம்பிலிப்பிட்டியவை நோக்கிய பல்லேபெத்தைப் பக்கத்தில் வெறுங்கொம்பில் பூத்ததைக் கண்டு வேறு மரமென்று கருதக்கூடும். இலைக்கு முன் பூத்தல் மரத்தின் குணம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி மழையின் கையிலிருக்கிறது. ரப்பரும் தை, மாசியில் இலையுதிர்ப்பதுதான். ஆயினும் அது தளிரோடு சேர்த்தே மங்கிய சிறு பூ விடுவதால் இக்கணக்கில் சேராது.

மயக்கம் தரும் வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காட்டிலவு செந்நிறத்திலும் முள்ளிலும் முருக்கை ஒத்திருப்பினும், அதன் பூ தடித்த ஐந்து இதழ்களோடு கிண்ணம்போல் விரிந்து நடுவே கற்றையாய் மகரந்தக் காம்புகளைக் கொண்டது. இளஞ்சிவப்புக் குழற்பூவுடைய ரொபரோசியா மட்டுமே வீதியோரங்களில் உண்மையாகவே அழகுக்காக வைக்கப்படுவது. அவ்விரண்டின் இலையும் கைவிரல் விரித்தாற்போல் இருக்கும்.

முருக்கினத்துக்கு அண்மைக் காலத்தில் ஒரு கேடு நேர்ந்தது. இளந்தளிரில் முட்டையிட்டுக் கரணைகளை உண்டாக்கும் சிறு குளவியினம் ஒன்று 2004இல் சாஸ்திர ரீதியாக விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது கேரளத்து மிளகுக் கொடிகளைத் தாங்கிய முருக்குகளையும் தாக்கிற்று. சீமைக்கிளுவையின் கதையோ வேறு. 2005இல் இலங்கை அரசாங்கம் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அதனை அறிவித்தது. மின்சாரம் உண்டாக்கும் விறகும், தழையுரமும், கால்நடைத் தீவனமுமே அதற்குக் காரணங்கள். நியாயமான காரணங்கள்தாம். இருப்பினும் தோட்டத்தாரிடமும் வீட்டு வேலி வைத்திருப்போரிடமும் ஒரு விண்ணப்பம்: மாரி முடிவில் மரம் கழிக்கும்போது வேலியின் ஓரத்தில் முருக்கு ஒன்றையும் சீமைக்கிளுவை ஒன்றையும் மட்டும் கத்தி வைக்காமல் விட்டுவிடுங்கள்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாசியில் பூவையும் சித்திரைக்குப் பின் இலையையும் பார்த்து, மரத்தின் பெயரைத் தாமே சொல்லட்டும்.