அமெரிக்கப் பொது நூலகங்களில் சிறுவர் கோடைச் செயல்பாடுகள்

அமெரிக்காவின் பொது நூலகங்கள் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்காக வண்ணம் தீட்டுதல், களிமண் பிசைதல், மாவுக் கூழில் விளையாடுதல், வினிகரும் சமையல் சோடாவும் கலந்து நுரை பொங்கச் செய்தல் போன்ற நிகழ்வுகளை இலவசமாக நடத்துகின்றன. தரையும் உடையும் அழுக்காகும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு நடத்தப்படுபவை இவை. நூலைத் தொடும் முன் கைகளைக் காட்டச் சொன்ன நூலகம், கைகளை அழுக்காக்கிக்கொள்ள அழைக்கும் நூலகமாக மாற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. நூலகம் எந்தச் சிறுவர்களுக்கு உரியது என்ற கேள்வி இம்மாற்றம் முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

வயது வரம்பும் தூய கைகளும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை பல பொது நூலகங்கள் 12 அல்லது 14 வயதுக்கு உட்பட்டோரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1890இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைன் நூலகம் தன் அடித்தளத்தில் சிறுவர் படிப்பறை ஒன்றைத் திறந்தது. 1894இல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் மில்வாக்கி நூலகத்தைச் சேர்ந்த லூட்டி ஸ்டெர்ன்ஸ் அளித்த அறிக்கை, வயது வரம்பைக் கைவிட வேண்டும் என வலியுறுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் சிறுவர் பிரிவுகள் நகரந்தோறும் தோன்றின.

சிறுவர்கள் உள்ளே வந்தபோது ஒரு நிபந்தனையும் உடன் வந்தது. 1897இல் கிளீவ்லாந்து பொது நூலகத்தின் லிண்டா ஈஸ்ட்மன் சிறுவர் நூலகக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். உள்ளமும் கைகளும் நூல்களும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கவுரை. நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிக்கு 1906 முதல் தலைமை வகித்த ஆன் கரோல் மூரின் காலத்திலும், நூலை எடுக்கும் முன் சிறுவர்கள் கைகளைக் காட்ட வேண்டியிருந்தது.

இதற்குக் காரணங்கள் இருந்தன. ஒரே நூல் பலரது கைகளுக்குச் சென்றது. பழுதானால் மாற்றுப்படி வாங்கப் பணம் குறைவு. நூலக நூல்கள் வழியாகத் தொற்றுநோய் பரவும் என்ற அச்சமும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஆயினும் இந்த விதியின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. குழாய்நீர் வசதியற்ற நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்கே அது கடினமாக இருந்தது.

கோடையும் வாசிப்புக் கணக்கும்

பள்ளிகள் மூடியிருக்கும் கோடை மாதங்களில் சிறுவர்களுக்குச் செல்ல இடமில்லை என்பதை நூலகர்கள் விரைவில் கண்டனர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பணியாற்றிய கரோலின் ஹூவின்ஸ் சிறுவர்களை இயற்கை உலாக்களுக்கு அழைத்துச் சென்றார். 1890களில் கிளீவ்லாந்திலும் பிற நகரங்களிலும் விடுமுறை வாசிப்பு ஊக்குவிக்கப்பட்டது. பின்னர் பரவிய கோடை வாசிப்புக் கழகங்களில் சிறுவர்கள் படித்த நூல்களை எண்ணிப் பதிவு செய்து சான்றிதழ் பெற்றனர். வாசிக்க வரும் குழந்தைக்கு இம்முறை உதவியது. வாசிக்கத் தயங்கும் குழந்தைக்கு அதில் அதிக இடமில்லை.

கைவேலையின் வருகை

பொம்மலாட்டம் கைவேலைக்கான வழிகளுள் ஒன்றாயிற்று. 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ நூலகர் புரா பெல்ப்ரே, பொம்மைகளைக் கொண்டு ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்னார். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளும் கதையில் பங்குகொள்ள இது வழிசெய்தது.

தெற்கு மாநிலங்களில் நிலைமை வேறு. 1960கள் வரை அங்கு பல நூலகங்கள் கறுப்பினத்தவரை அனுமதிக்கவில்லை; அல்லது தனிக் கிளைக்கு அனுப்பின. கென்டக்கியின் லூயிவில் நகரில் கறுப்பினத்தவருக்கான கிளை 1905இல் திறக்கப்பட்டது. கைகளை எவ்வளவு கழுவினாலும் கதவு திறக்காத நூலகங்களும் இவ்வரலாற்றின் பகுதியே.

1978இல் சமூகவியலாளர் பார்பரா ஹேன்ஸ், அட்லாண்டா மாணவர்களைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடையிலான கற்றல் இடைவெளி கோடையில் விரிவதையும், பொது நூலகப் பயன்பாடு சொல்வளத்துக்கு உதவுவதையும் அது சுட்டியது. கோடை இழப்பின் அளவு குறித்து பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கட்டண முகாம்களுக்குச் செல்ல இயலாத பிள்ளைகளுக்கு நூலகம் என்ன தரலாம் என்ற விவாதம் வலுப்பெற்றது. நூலகச் சங்கத்தின் பிரிவுகள் 2011இல் புதுப்பித்த முன்பள்ளி எழுத்தறிவுத் திட்டம், பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றோடு விளையாடுதலையும் அடிப்படைச் செயலாக வைத்தது. 2013இல் சிகாகோ பொது நூலகம் அறிவியல் அருங்காட்சியகத்துடன் இணைந்து, தன் கோடை வாசிப்புத் திட்டத்தைச் செய்து கற்றலையும் உள்ளடக்கிய கோடைக் கற்றல் திட்டமாக மாற்றியது.

நடத்தும் முறை

இந்நிகழ்வுகள் பெரும்பாலும் புல்வெளியிலோ, நெகிழித் தாள் விரித்த கூடத்திலோ நடைபெறுகின்றன. கழுவினால் போகும் வண்ணமே வாங்கப்படுகிறது. பழைய சட்டை அணிந்துவருமாறு பெற்றோருக்கு முன்பே சொல்லப்படுகிறது. விருப்பமான பொருள்களுள் ஒன்று ஊப்ளெக். இரண்டு பங்கு கார்ன்ஃப்ளார் மாவுடன் ஒரு பங்கு நீர் சேர்த்தால் இக்கூழ் கிடைக்கும். அழுத்தினால் கெட்டியாகவும் விட்டால் நீர்மமாகவும் இருக்கும். டாக்டர் சூஸ் 1949இல் வெளியிட்ட சிறுவர் நூலிலிருந்து இப்பெயர் வந்தது. மிஞ்சிய கூழைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். எனவே உலரவிட்டுப் பெருக்குவார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரியான பொருளைச் செய்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கில்லை. மாதிரியைக் காட்டாமல் பொருள்களை மட்டும் தருவதைப் பல நூலகர்கள் விரும்புகின்றனர். மாதிரி இருந்தால் சிறு பிள்ளைகள் தம் வேலையை அதனோடு ஒப்பிட்டுச் சோர்ந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம்.

விமர்சனங்களும் வரம்புகளும்

நூலகத்தின் பணி வாசிப்பே, கைவேலை பிறர் செய்யக்கூடியது என்ற விமர்சனம் உண்டு. துப்புரவு ஊழியரின் வேலை கூடுகிறது என்ற குறையும் நியாயமானதே. வார நாட்களின் பகல் நேரத்தில் நடக்கும் நிகழ்வுக்கு, வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் வர இயலுவதில்லை. பள்ளி மதிய உணவு நின்றுபோகும் கோடையில் பசியும் ஒரு தடை. இதனால் பல நூலகங்கள் கூட்டரசின் கோடை உணவுத் திட்டத்தின் கீழ் உணவு வழங்கும் இடங்களாகவும் செயல்படுகின்றன. 2020இல் பெருந்தொற்றால் கூடங்கள் மூடப்பட்டபோது, நூலகர்கள் செய்முறைப் பொருள்களைப் பைகளில் இட்டு வாசலில் வழங்கினர்.

கை கழுவும் வழக்கம் இன்றும் மறையவில்லை. நிகழ்வு முடிந்ததும் சிறுவர்கள் கைகளைக் கழுவிக்கொண்டே நூலடுக்குகளுக்குச் செல்கிறார்கள். ஆனால் நூலகத்துக்குள் நுழைவதற்கு இப்போது அது நிபந்தனை இல்லை.