வீழ்ந்த வானதூதர்கள்

வீழ்ந்த வானதூதர் என்றதும், கடவுளுக்கு நிகராகத் தன்னை எண்ணிக் கலகம் செய்து நரகத்தில் விழுந்த லூசிபரே பலருக்கும் நினைவுக்கு வருகிறான். ஆனால் இம்மரபின் பழைய விரிவான கதையில் லூசிபரும் இல்லை, அரியணைப் போரும் இல்லை. ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அரமேய மொழியில் உருவான ஏனோக்கு நூலின் 'காவலர்' பகுதி சொல்லும் குற்றமே வேறு. செமியாசாவின் தலைமையில் 200 தூதர்கள் மனிதப் பெண்கள்மேல் ஆசைகொண்டு எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். மற்றவர்கள் நழுவிவிட்டால் பழி தன் ஒருவன் தலையில் விழுமே என்று தலைவன் அஞ்ச, எல்லோரும் கூடிச் சத்தியம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த இராட்சதர் மனிதரின் உழைப்பையெல்லாம் தின்று தீர்த்து, பிறகு மனிதரையே தின்னத் தொடங்குகிறார்கள். அத்தூதர்களில் ஒருவனான அசாசேல் வாளும் கேடயமும் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுத்தருகிறான். தலைமைத் தூதர் ரபேல் அவனைக் கைகால் கட்டிப் பாலைவனத்து இருட்குழியில் தள்ளிக் கூரிய கற்களால் மூடுகிறார். காமமும் கற்பிக்கக்கூடாத வித்தையுமே இங்கே குற்றம். செருக்குக் கதை பின்னால் கோக்கப்பட்டது.

ஏசாயா 14ஆம் அதிகாரத்திலேயே வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி (லூசிபர்) இருக்கிறதே எனலாம். ஆனால் அந்த அதிகாரமே அதைப் பாபிலோன் அரசன்மேல் பாடும் வசைப்பாட்டு என்கிறது. அதைச் சாத்தானுக்குப் பொருத்தியவர்கள் 3ஆம் நூற்றாண்டின் ஒரிகன் போன்ற உரைகாரர்கள். காவலர் எனப்படும் அத்தூதர்களின் வீழ்ச்சியும் சாத்தானின் வீழ்ச்சியும் இருவேறு நிகழ்ச்சிகள் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அப்படியே கொண்டாலும், எபிரேய வேதத்தில் இரண்டாவதற்கு நேரடிக் கதை கிடையாது. யோபு நூலில் சாத்தான் கடவுளின் அவையில் நின்று வழக்காடுகிறான். வெளிப்படுத்தின விசேஷம் சாத்தானாகிய வலுசர்ப்பத்தைத் தூதர்களோடு கீழே தள்ளுகிறது என்பது உண்மைதான். காரணம் செருக்கு என்று அது சொல்லவில்லை. குர்ஆனில் ஆதமுக்குப் பணிய மறுக்கும் இப்லீசிடம் செருக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் 18ஆம் அத்தியாயம் அவனை ஜின் இனத்தான் என்கிறது.

பழைய கதை பின்தங்கியதற்குக் காரணம் இறையியல். உடலற்ற தூதர் எப்படிப் பெண்ணை மணப்பார் என்ற கேள்விக்கு விடை எளிதல்ல. அகஸ்டின் ஆதியாகமம் 6இல் மனிதப் பெண்களை மணக்கும் தேவகுமாரரை ஆதாமின் மகன் சேத்தின் வழிவந்த மனிதர் என்று விளக்கி, ஏனோக்கு நூலை ஒதுக்கினார். 1667இல் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' செருக்குக் கதைக்கே காவிய உருவம் தந்தது. அதில் அசாசேல் சாத்தானின் கொடி தூக்குபவன், அவ்வளவுதான். ஏனோக்கு ஓரத்து நூல்தானே என்று தள்ளவும் முடியாது: புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் ஏனோக்கின் பெயரைச் சொல்லியே மேற்கோள் காட்டுகிறது, கும்ரான் குகைகளில் ஏனோக்கு நூலின் அரமேயத் துண்டுகள் கிடைத்தன. முழு நூலைக் காத்தது எத்தியோப்பியா. அங்குள்ள மரபுவழித் திருச்சபைக்கு இன்றும் அது வேதாகமத்தின் ஒரு பகுதி.