மாலைக் குடியும் படிப்படியான விலக்கலும்: மதீனா முதல் கொங்கு நாடு வரை

கோவை மாநகரின் வடபால் சத்தி சாலையை ஒட்டி அமைந்துள்ள கணபதி, பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த பகுதியாகும். உலைச் சூட்டிலும் இரும்புத் தூளிலும் பகலைக் கழித்த உழைப்பாளி, உடல் அலுப்புக்கு மருந்தெனக் கருதி மாலையில் மதுக்கடையை நாடுவது இத்தகைய தொழிற்பகுதிகளில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. கலிமா மொழிந்த இல்லங்கள் சிலவற்றுள்ளும் இவ்வழக்கம் புகுந்திருப்பதை நாம் மறைப்பதற்கில்லை. அத்தகைய ஒருவர், முற்றாக விட முடியவில்லை, குறைத்து வருகிறேன் என்று கூறினால் அவருக்கு நாம் அளிக்கத்தக்க விடை யாது? இவ்வினாவை வரலாற்றின் ஒளியில் ஆராய்வது பயனுடையதாகும்.

மதீனாவின் மாலைகள்

மதீனாவில் மது பெரும்பாலும் பேரீச்சங்காயிலிருந்தும் கனியிலிருந்தும் வடிக்கப்பட்டது. அதனை ஒரே நாளில் திருமறை விலக்கவில்லை. பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து கிடைக்கும் போதைப் பொருளையும் நல்லுணவையும் 16:67 தனித்தனியே பிரித்துக் குறித்தது. மதுவின் பயனைவிடக் கேடே மிகுதி என்று 2:219 உணர்த்தியது. போதையுற்ற நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என 4:43 விதித்தது. இறுதியில் 5:90, 91 ஆகிய வசனங்கள் மதுவை முற்றாக விலக்கின.

இவற்றுள் மூன்றாம் படி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பகலிலும் அந்தியிலும் தொழுகைகள் அடுத்தடுத்து வருவதால், குடிப்பதற்கும் தெளிவதற்கும் இடைவெளி இல்லாது போயிற்று. அதனால் இஷாவுக்குப் பின்னரே சிலர் குடித்தனர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். குடிப்பவரின் மாலையைத் தொழுகை தன்வசமாக்கிக் கொண்டது. மது விடப்படுவதற்கு முன்பே அதற்குரிய நேரம் பறிபோயிற்று எனலாம்.

இறுதி விலக்கு வந்த நாளில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக் கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். அறிவிப்பைக் கேட்டதும் மறுவிசாரணையின்றி அனைத்தும் கொட்டப்பட்டன. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. முதலிலேயே குடிக்காதீர் என்னும் கட்டளை இறங்கியிருந்தால் மக்கள் ஏற்றிருக்கமாட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விளக்கியதாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது.

பாத்திரங்களின் பாடம்

அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதுவோடு நான்கு வகைப் பாத்திரங்களையும் தடுத்தார்கள். சுரைக்குடுக்கை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த மரக்கலம், தார் பூசிய கலம் ஆகியன அவை. இவற்றில் ஊறவைத்த பானம் விரைவில் போதையேறும். அன்றியும் அவை பழைய பழக்கத்தை நினைவூட்டுவன. பழக்கம் அற்றுப்போன பின்னர் அப்பாத்திரங்கள் அனுமதிக்கப்பட்டன. போதை மட்டும் என்றும் விலக்காகவே நின்றது.

மாற்றுப் பானமும் இருந்தது. காலையில் ஊறவைத்த பேரீச்சை நீரை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் நாயகம் (ஸல்) அவர்கள் அருந்தினார்கள். போதையேறாத இந்த ‘நபீத்’ நம் நாட்டுப் பதநீரை ஒத்தது. ஒரே பனையின் சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராகிறது, தடவாவிடில் கள்ளாகிறது. இனிமைக்கும் போதைக்கும் இடையே உள்ள வேலி அத்துணை மெல்லியது.

கொங்கு நாட்டின் பட்டறிவு

1921-இல் ஈரோட்டில் ஈ.வெ.ராமசாமிப் பெரியாரும், அவர்தம் துணைவியார் நாகம்மையாரும், தங்கை கண்ணம்மாவும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். பெரியார் தம் தோப்பின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 1929-இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார். கல்கி அதில் துணைநின்றார்.

1937 அக்டோபர் 1 அன்று, இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கடைகளை மூடியதோடு ஆட்சியாளர் நிற்கவில்லை. வெறுமையான மாலை நேரத்தை நிரப்ப விளையாட்டுகளும் பஜனைகளும் தேநீர்க் கடைகளும் ஊக்குவிக்கப்பட்டன. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் விலக்கு மாகாணம் முழுவதும் பரவியது.

பின்னர் 1971-இல் கடைகள் திறக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மூடப்பட்டு, 1981-இல் மறுபடியும் திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன்வசம் ஆயிற்று. 2016-இல் விற்பனை நேரம் குறைக்கப்பட்டு, பகல் 12 முதல் இரவு 10 வரை என்றாயிற்று. இந்தப் பத்து மணி நேரத்துக்குள் லுஹர், அஸர், மஃரிப், இஷா ஆகிய நான்கு தொழுகைகளும் அடங்குவதைச் சிந்தித்தல் வேண்டும். ஒரே மாலைக்காகப் பள்ளிவாசலும் மதுக்கடையும் போட்டியிடுகின்றன.

நாம் சொல்லத்தக்க விடை

படிப்படியான சட்டம் 5:90-உடன் நிறைவுற்றது. எனவே இவ்வளவு குடிக்கலாம் என்று எவரும் தமக்கு ஓர் அளவை ஆகுமாக்கிக் கொள்ள இயலாது. மிகுதியாக அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராமே என்பது ஹதீஸின் தெளிவு. குறைத்தலை முடிவாகக் கொள்பவருக்கு இங்குச் சலுகை இல்லை.

ஆயினும் விடுவதற்கான வழியாகக் குறைப்பவரை நாம் விரட்டலாகாது. மது அருந்தியமைக்காகப் பலமுறை தண்டனை பெற்ற அப்துல்லாஹ் என்னும் தோழரை ஒருவர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நிறைவேறியது, உறவு அறுபடவில்லை.

மற்றொன்றும் நம் ஆலிம்கள் அறியத்தக்கது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றலாம். சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில் உரிய மருந்துகளுடன் அந்நாட்களைக் கடத்தினால், முற்றாகவே நிறுத்திவிட இயலும். ஆகவே அத்தகையவரிடம் இன்றே விடு என்று மட்டும் கூறி அனுப்பாமல், உடன் சென்று மருத்துவமனையில் சேர்ப்பதே உயிர் காத்தல் என்னும் ஷரீஅத்தின் நோக்கத்துக்கு இயைந்தது. சிறிது சிறிதாகக் குடித்துக் குறைக்க வேண்டிய தேவையையும் இம்மருத்துவமே பெரும்பாலும் நீக்கிவிடுகிறது.

மதீனாவும் சேலமும் உணர்த்தும் பாடம் ஒன்றே: மாலையை வெறுமையாக விட்டுவிட்டு மதுவை மட்டும் பறித்தால் பழக்கம் திரும்பி வரும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையில், பட்டறையிலிருந்து அழுக்கு ஆடையோடு வருபவரும் கூச்சமின்றி அமர ஓர் இடம், குடிக்க ஒரு தேநீர், பேச ஒரு துணை ஆகியவற்றை நம் மஹல்லாக்கள் அளிக்குமாயின் அதுவே சிறந்த மதுவிலக்காகும். அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!